குடித்தவன் செய்தது

ஜூன் 9, செவ்வாய்

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் குணபாலன் சார். மறுவாழ்வு மையத்தில் இருபத்தெட்டு நாள் எனக்கு ஆலோசனை சொன்னவர். குடியைப் பற்றி எழுத வேண்டாம், அன்றன்று என்ன செய்தாய் என்று மட்டும் எழுது, சாப்பிட்டதையும் எழுது, சண்டை போட்டதையும் எழுது, யாரும் படிக்கப் போவதில்லை என்றார்.

இன்று செய்தது. காலை பத்து மணிக்கு மையத்திலிருந்து வெளியே வந்தேன். கஸ்பார் பைக்கில் கூட்டிவந்தான். அவன் என் மனைவியின் தம்பி, விசைப்படகில் டிரைவர். என்னைக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் போட்டு மையத்துக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். கயிறு அறுத்த தடம் என் இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. அன்று நான் கடித்த தடம் அவன் முன்கையில் இருக்கிறது. டீக்கடையில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தோம்.

வீட்டில் மனைவி கித்தேரி சோறும் சாளைக் குழம்பும் வைத்திருந்தாள். மகள் ஜெனிட்டா இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வசதி என்று பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பெரியம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் கூடுதல்.

கிளம்பும்போது குணபாலன் சார் ஒரு கேள்வி கேட்டார். குடிக்காத இஞ்ஞாசி எப்படிப்பட்ட ஆள் என்று. அங்கே பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். வயது நாற்பத்து மூன்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர், பதினெட்டு வருடமாக ஒரே கம்பெனி. ஞாயிறு பூசை தவறாதவன். யார் வம்புக்கும் போகாதவன். வம்புக்குப் போனதெல்லாம் குடித்தவன்.

ஜூன் 10, புதன்

குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். மத்தியானம் தூங்கினேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது.

ஜூன் 12, வெள்ளி

மாலையில் கஸ்பார் வந்தான். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது என்று படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்திருந்தான், முழங்கை வரை நீலம். குடித்தபோது செய்தவற்றில் நினைவில் இல்லாததை மட்டும் ஒரு முறை யாரிடமாவது கேட்டு எழுதச் சொல்லியிருந்தார் சார். அவனிடம் கேட்டேன். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னான். போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை அம்மிக்கல்லால் அடித்து நொறுக்கியது. கல்யாணப் பந்தியில் ஒருவர் முகத்தில் கொதிக்கிற ரசத்தை ஊற்றியது. ஜெனிட்டாவின் புத்தகங்களைக் கிணற்றில் போட்டது, தடுக்க வந்த மகளை முடியைப் பிடித்து வாசல் வரை இழுத்தது. மூன்று வருடத்துக்கு முன் பெரிய வெள்ளியன்று கித்தேரியின் கழுத்துப்பட்டை எலும்பை உடைத்தது.

யாரோ ஒருவனுடைய கதையைக் கேட்பதுபோல இருந்தது. நெருங்கிய சொந்தக்காரன் ஒருத்தன் செய்த கேவலத்துக்கு நாம் தலைகுனிவோமே, அப்படி ஒரு வெட்கம். கஸ்பார் என் தொடையில் தட்டினான்.

“அது நீங்க இல்ல அத்தான். உள்ள போன சரக்கு. உங்கள எனக்குத் தெரியாதா?”

பெரிய வெள்ளியைப் பற்றி அவன் மேலும் சொல்லப் போனபோது கித்தேரி அடுப்படியிலிருந்தே அந்தப் பேச்சை விடச் சொல்லிவிட்டாள். எனக்கும் அந்த நாள் நினைவில் இல்லை.

ஜூன் 15, திங்கள்

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிட்டன. முதலாளி பால்துரை அண்ணாச்சி என்னை மறுபடியும் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதம் நின்றுகிடந்த கம்ப்ரெசரை நேற்றே ஓட்டிவிட்டோம். இன்று அதிகாலையில் உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேன்களைத் தூக்கி, முதல் ஐஸ் பார்களைத் தட்டி எடுத்தபோது சந்தோஷமாக இருந்தது. ஒரு பார் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. நீளக் கொக்கியால் குத்தி இழுத்துச் சறுக்குப் பலகையில் விட்டால் தானாகவே அரவை மெஷினுக்கு ஓடிவிடும்.

லோடு ஏற்றும் முனீஸ் என் வயதுக்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் நிறுத்தச் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. பாரை விட்டுவிட்டான். அது என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்தது. ஒரு அறை விட்டேன். பதினெட்டு வருட ஆபரேட்டர் யாராக இருந்தாலும் அறைந்திருப்பான். இந்த வேலையில் கவனம் தப்பினால் கால் போய்விடும். அவன் நல்லதுக்குத்தான்.

காதிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. ஐஸ் மேல் விழுந்ததால் அதிகம்போலத் தெரிந்தது.

ஜூன் 16, செவ்வாய்

முனீஸ் வரவில்லை. காது ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஜூன் 21, ஞாயிறு

பூசை முடிந்து ஜெனிட்டா வீட்டுக்கு வந்தாள். உயரமாகிவிட்டாள். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னேன், காற்று வரட்டும் என்றாள். மின்விசிறி உள்ளேதான் இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவளும் எழுந்துவிட்டாள். நான் உட்கார்ந்ததும் உட்கார்ந்தாள். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை வேண்டுமென்றே எழுந்து பார்த்தேன். எழுந்தாள்.

அவளுக்காக வாவல் மீன் வாங்கியிருந்தேன். கித்தேரி அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தாள். நம் அரிவாள்மனை எங்கே என்று கேட்டேன். முனை மழுங்கிவிட்டது, அங்கே கொடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். மழுங்கிய அரிவாள்மனையை ஏன் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு மாதமாகத் தேங்காயும் அங்கேதான் துருவுகிறாளாம்.

பழைய பயம். குடித்தவன் வைத்துவிட்டுப் போன பயம். போகப்போகச் சரியாகிவிடும்.

ஜூன் 28, ஞாயிறு

எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் மையத்துக்காரர்கள் குடும்பங்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். குடியை விட்டவர்கள் பேச வேண்டும். எனக்கு மூன்றாவது இடம். மேடை எனக்குப் புதிது, ஆனால் பேச்சு தானாக வந்தது. என் மனைவியின் எலும்பை உடைத்தவன் நான் இல்லை, எனக்குள் புகுந்த சாத்தான், அவனை நான் துரத்திவிட்டேன், இப்போது உங்கள் முன்னால் நிற்பவன்தான் உண்மையான இஞ்ஞாசி என்று சொன்னேன். பெண்கள் அழுதார்கள். பங்குச் சாமியார் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கைதட்டல் நிற்க நேரமானது.

கித்தேரியையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, இவுக நல்லா பேசினாக என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது, எல்லோரும் அழுதார்களே, உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், வேகமாக நடங்க என்றாள். ஓங்கி ஒன்று போடலாம் போல இருந்தது. போடவில்லை. அதை எழுத வேண்டியதில்லை, ஆனால் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார் சார்.

ஜூலை 1, புதன்

முனீஸ் வேலைக்கு வந்தான். நான் கூப்பிட்டால் வலது காதைத் திருப்பிக் கேட்கிறான்.

ஜூலை 3, வெள்ளி

ஜெனிட்டாவை வீட்டுக்கு அழைத்து வரச் சொன்னேன். நான் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் எதற்குப் பெரியம்மா வீடு? கித்தேரி பரீட்சை முடியட்டும் என்றாள். எந்தப் பரீட்சை என்று கேட்டேன். அவள் கையிலிருந்த போனை வாங்கி மகளுக்கு நானே பேசப் பார்த்தேன். என் எண்ணை எடுக்காத மகள் அம்மாவின் எண்ணை முதல் மணியிலேயே எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

போன் சுவரில் பட்டு உடைந்தது. கித்தேரி கதவுப் பக்கம் நகர்ந்தாள். எங்கே போகிறாய் என்று மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன், அவ்வளவுதான். வளையல் இரண்டு உடைந்து சதையில் ஏறிவிட்டது. அவள் கத்தவில்லை. இரத்தம் விரல் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள்.

“இன்னைக்கு நீங்க குடிக்கலயே” என்றாள்.

இல்லை என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு துடைப்பம் எடுத்துப் போன் சில்லையும் வளையல் சில்லையும் கூட்டினாள்.

மாலையில் ஒயின்ஷாப்புக்கு எதிரே இருபது நிமிடம் நின்றேன். ஆசையே இல்லை. வாயில் எச்சில்கூட ஊறவில்லை. இருந்தும் ஒரு கால் பாட்டில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவள் அப்படிப் பார்க்க மாட்டாள் என்று தோன்றியது. குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கித்தேரி தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

பெரிய வெள்ளி நினைவில் இல்லை என்று எழுதினேன். மையத்திலும் அப்படித்தான் சொன்னேன். மண்டபத்திலும் சொன்னேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முழுவதும் நான் குடிக்கவில்லை. சாம்பல் புதன் அன்று சத்தியம் செய்திருந்தேன். கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் தாக்குப்பிடித்தேன். முதல் பத்து நாள் போனபின் நடுக்கமும் நின்றுவிட்டது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் வெயிலில் செருப்பில்லாமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சிக்கு உட்கார்ந்தேன். கித்தேரி துவையல் அரைத்துக்கொண்டே, ஈஸ்டருக்குத் துணி எடுக்கக் கஸ்பாரோடு போய்விட்டு வருகிறேன் என்றாள். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். உங்களுக்கு எதற்கு அலைச்சல், அவன் என்றால் கடைக்காரனிடம் சிரித்துப் பேசுவான், நீங்கள் முறைப்பீர்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்புகூட இல்லை. சும்மா, ஒரு வீட்டுச் சிரிப்பு.

உலக்கை சுவரோரம் இருந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில். எலும்பு உடையும் சத்தம் பச்சை முருங்கைக் கிளை ஒடிவதுபோலக் கேட்டது. அவள் துவையல் மேலேயே சாய்ந்தாள். இரண்டாவது அடியும் போட்டேன், இடுப்பில். மூன்றாவதுக்கு ஓங்கியபோது வாசலில் ஜெனிட்டா வரும் சத்தம் கேட்டு உலக்கையைப் பழைய இடத்தில் சாய்த்து வைத்தேன். நேராக நிற்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

வாசல் வரை வந்த கால் சத்தம் திரும்பி ஓடியது. அதற்குப் பிறகுதான் குடித்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் சாம்பல் புதனுக்கு முன்னால் வைத்த அரைப் பாட்டில் இருந்தது. தண்ணீர் கலக்காமல் குடித்தேன். கொஞ்சத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். கஸ்பாரும் மற்றவர்களும் ஓடிவந்தபோது நான் தரையில் கிடந்தேன். நாற்பது நாள் கழித்துக் குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று யாரோ சொன்னார்கள்.

கித்தேரி ஆட்டோவில் ஏறும்போது, குடிச்சிட்டு அடிச்சிட்டாக என்று எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்குத் தெரியும். அவள் கண்ணெதிரேதான் பாட்டிலை எடுத்தேன்.

இந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

ஜூலை 8, புதன்

குணபாலன் சாரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வெளியே வந்து ஒரு மாதமாகிவிட்டது, ஒரு சொட்டுத் தொடவில்லை என்று சொன்னேன். கைகுலுக்கினார். திரும்பிவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

இன்றும் குடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்குக் கஸ்பார் படகிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தான். நல்ல மீன்பாடு கிடைத்திருந்தது. கரையில் கொஞ்சம் போட்டிருந்தான், வாயில் வாடை. லோடுக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். முனீஸும் இருந்தான். அவர்கள் முன்னால் கஸ்பார் என் கன்னத்தைத் தட்டி, எங்க அத்தான் இப்ப பச்சப்புள்ள மாதிரி என்றான். எல்லோரும் சிரித்தார்கள், முனீஸைத் தவிர.

பிறகு என்னைச் சறுக்குப் பலகைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனான். அக்கா தனியாக வீடு பார்க்கச் சொல்கிறாள், அவளுக்கும் ஜெனிட்டாவுக்கும், நீங்கள் கோபப்படக் கூடாது என்றான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். எனக்கே ஒன்றும் புரியவில்லை, நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள், வந்து அவளிடம் பேசுங்கள் என்றான். அவன் என் பக்கம்தான் பேசினான். அதையும் எழுத வேண்டும்.

“குடிச்சப்பகூட அக்கா இப்படிப் பயந்ததில்ல அத்தான். இப்பத்தான் பயப்படுதா.”

கொக்கி என் கையில் இருந்தது. முதல் வீச்சில் அவன் கன்னம் காதிலிருந்து வாய் ஓரம் வரை திறந்துகொண்டது. உள்ளே பல் தெரிந்தது. அவன் கையைத் தூக்கி மறைத்தான். இரண்டாவது வீச்சு வலது மேல்கையில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஐஸ் பாரை இழுப்பதுபோல இழுத்தேன். கையோடு அவனும் வந்தான். சறுக்குப் பலகையில் விழுந்து கீழே வரை சறுக்கினான். நான் இறங்கிப் போய் விலாவில் மிதித்தேன். நான்கு மிதி. அத்தான், அத்தான் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். கிழிந்த வாயால் அந்த வார்த்தை சரியாக வரவில்லை. ஐந்தாவது மிதிக்குள் முனீஸ் பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டான். என் மேல் ஏறி உட்கார்ந்தான். அடிக்கவில்லை, அழுத்தி மட்டும் வைத்திருந்தான்.

மீன் வண்டியில் கஸ்பாரை ஏற்றினார்கள். பலகை முழுவதும் சிவப்பு. யாரோ ஹோஸ் வைத்துக் கழுவினார்கள். கழுவக் கழுவ ஐஸ் தூளில் இளஞ்சிவப்பாக வந்துகொண்டேயிருந்தது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எத்தனை மிதி என்பதுகூட. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

ஜூலை 11, சனி

வீட்டில் யாரும் இல்லை. கித்தேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

காலையில் பால்துரை அண்ணாச்சி கம்பெனிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கஸ்பார் உயிருக்கு ஆபத்து இல்லை. கன்னத்தில் முப்பத்தொரு தையல். வலது கையில் நரம்பு அறுந்திருக்கிறது, விரல்கள் பழையபடி மடங்குமா என்று சொல்ல முடியாதாம். வாய் வீங்கியிருப்பதால் போலீஸிடம் நாளை வாக்குமூலம் தருகிறேன் என்று சைகை காட்டியிருக்கிறான்.

ஊர் முழுவதும் நான் மறுபடி குடித்துவிட்டேன் என்று பேச்சு. லோடுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். யாரும் என் வாயை மோந்து பார்க்கவில்லை. இஞ்ஞாசி அடித்தான் என்றால் குடித்திருக்கிறான், அவ்வளவுதான். அதுவே நல்லது என்றார் அண்ணாச்சி. குடியில் நடந்தது என்றால் குடும்பத்துக்குள் பேசி முடித்துவிடலாம், கஸ்பாரும் ஒத்துக்கொள்வான், சாமியாரும் வந்து பேசுவார், மறுபடி ஒரு மாதம் மையத்துக்குப் போய்விட்டு வா என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். மேஜை டிராயரிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ரெண்டு மடக்கு குடிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போ. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

மூடியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உடம்பு முழுவதும் அதற்காக விரிந்தது. ஒயின்ஷாப் வாசலில் வராத எச்சில் இப்போது ஊறியது. குடித்தால் தொண்டையும் அடங்கும், கேள்வியும் அடங்கும். இரண்டும் ஒரே மடக்கில். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அண்ணாச்சி போனில் பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் மூடியைத் திருகி மேஜையில் வைத்தேன்.

பைத்தியமா உனக்கு என்றார். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் கித்தேரி உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டில் கட்டு. என்னைத் தடுக்கவில்லை. எழுந்து தள்ளி நின்றாள். கஸ்பாரின் மனைவி என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். கஸ்பார் இடது கையை ஆட்டி அவளை விலகச் சொன்னான்.

முகம் பாதி மூடியிருந்தது. வலது கை தலையணைமேல் அவனுடையது இல்லாததுபோலக் கிடந்தது. பதினெட்டு வயதிலிருந்து சுக்கான் பிடித்த கை. நான் கல்யாணம் செய்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். என்னோடுதான் முதல் பீர் குடித்தான். நான் விழுந்து கிடந்த இடத்திலெல்லாம் வந்து தூக்கியவன்.

பக்கத்தில் வரச் சொன்னான். தையல் இழுக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“அத்தான். ஒண்ணே ஒண்ணு. குடிச்சிருந்தீயளா?”

அவன் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் போலீஸிடம் வேறு மாதிரி சொல்லிவிடுவான். எனக்காக அல்ல, அவனுக்காகவே சொல்லச் சொன்னான். ஆமாம் என்றால் அவனுக்கு அத்தான் மிஞ்சுவான்.

“இல்ல மாப்ளே. ஒரு சொட்டுகூட இல்ல.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அப்பம் நீங்கதானா.”

“நான்தான்.”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். தையல் போட்ட பக்கம் தலையணையில் படுவது தெரிந்தும் அப்படியே இருந்தான். அவன் மனைவி என்னைப் போகச் சொன்னாள்.

வெளியே கித்தேரி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பெரிய வெள்ளியையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன் என்றேன். எங்கே என்று கேட்டாள். கேட்கிற எல்லோரிடமும் என்றேன். கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டு, போதையில் இருந்தபோது என்று ஆரம்பித்து அரை வரி எழுதிவிட்டார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. போதையில் இல்லை என்றேன். மேலே பார்த்தார். குடிக்கிற ஆள்தானே நீ என்றார். ஆமாம், ஆனால் அன்று குடிக்கவில்லை, அடித்தது நான் என்றேன். அவருக்கு எரிச்சல். அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மூன்று வருடத்துக்கு முந்தையதையும் சொன்னேன். முனீஸின் காதையும் சொன்னேன். அதற்கெல்லாம் புகார் இல்லை, இதில் வராது என்றார். சொல்லிவிட்டேன் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் இந்த நோட்டை வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்கப் போகிறார்கள்.

ஜூலை 30, வியாழன்

கிளைச் சிறை. இது வேறு நோட்டு. குணபாலன் சார் வார்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மனுப் போட்டு என்னைப் பார்க்க வரவில்லை.

இங்கே வந்த ஐந்தாம் நாள், குளியல் தொட்டியில் எனக்கு முன்னால் ஒருவன் வாளியைப் போட்டான். என் கை எழுந்துவிட்டது. நான்கு பேர் பார்த்தார்கள். அடித்தேனா இல்லையா என்று எழுதுவதில் ஒன்றும் இல்லை. அடித்தேன். உதடு கிழிந்தது. மறுநாள் தனியாக அடைத்தார்கள். நேற்று அதே ஆள் மறுபடி முன்னால் வாளியைப் போட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன், அவன் குளித்து முடிக்கும் வரை. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை கித்தேரி வந்தாள். வருவாள் என்று நினைக்கவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் கட்டு பிரித்திருந்தது, தழும்பு இரண்டு இருந்தது. கஸ்பாருக்குக் கட்டைவிரல் மட்டும் அசைகிறதாம். படகுக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்களாம். அவனாகவே போலீஸிடம் முழுவதும் சொல்லிவிட்டான். என்னைப் பற்றி அவன் பேசுவதில்லை.

பிறகு அவள், ஜெனிட்டாவிடம் பெரிய வெள்ளியைச் சொல்லிவிட்டேன் என்றாள். மகள் ஏற்கெனவே பாதி ஊகித்திருந்தாளாம். உலக்கையை நான் நேராகச் சாய்த்து வைத்ததை வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

ஏன் மூன்று வருடம் குடி என்றே சொன்னாய் என்று கேட்டேன். எனக்குப் பரிந்து சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“குடிதான் அடிக்குதுன்னா, குடிய நிறுத்தினா நின்னுருமுல்லா. அப்படி ஒண்ணு இருந்தாத்தான எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியும். உங்களுக்காகச் சொல்லல. எனக்காகச் சொல்லிக்கிட்டேன்.”

மையத்திலிருந்து நான் வந்த முதல் வாரம் முழுவதும் தூங்கவேயில்லை என்றாள். குடிக்காமல் நான் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாளாம்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். மண்டபத்தில் அன்று அவ்வளவு அழகாக வந்த பேச்சு எதுவும் வரவில்லை. அடித்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையசைத்தாள், ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வதுபோல.

வீடு பார்த்தாகிவிட்டது என்றாள். இந்த ஊரில் இல்லை. ஜெனிட்டாவுக்குப் பள்ளிக்கூடமும் மாற்றியாகிவிட்டது.

“எங்கன்னு கேக்காதீய” என்றாள்.

கேட்கவில்லை. நேரம் முடிந்தது என்று வார்டர் கம்பியைத் தட்டினார். அவள் அதற்கு முன்பே எழுந்திருந்தாள்.